நாடு கடத்தும் ஆணைக்கு முன்னால் ஒரு வழக்கறிஞர்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பரமத்தி என்னும் ஊர் இருக்கின்றது. அங்கும், சேலம் மாவட்டத்தின் குறுக்குப்பட்டி, தம்மம்பட்டிக்கு அருகிலுள்ள நாகியம்பட்டி முதலிய ஊர்களிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. இவற்றை 'அகதிகள் முகாம்' என்று சொல்ல வேண்டாம், 'மறுவாழ்வு முகாம்' என்றே அழைக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு, வரவேற்கின்றோம். ஆனால் அங்கே வாழும் மக்களுக்கு நாட்டின் குடியுரிமைச் சட்டம் வைத்திருக்கும் பெயர் வேறு. கடவுச்சீட்டு இல்லாமல் கடல் கடந்து வந்தவர் எவராயினும் அச்சட்டத்தின் கண்களில் அவர் 'சட்டவிரோதக் குடியேறி'.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் படகேறித் தமிழகம் வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். 2021-இல் அரசு தந்த கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்து கொண்டு 34,087 பேரும் இருந்தனர். அவ்வாண்டு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. புதிய வீடுகள் கட்டப்பட்டன. குடும்பத் தலைவருக்கு மாதப் பணக்கொடை 1,500 ரூபாயாக உயர்ந்தது. வீடு, பணக்கொடை, அரிசி, பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு என்று பல உதவிகளைப் பற்றி நாம் பேசுகின்றோம். பேசப்படாத உதவி ஒன்று உண்டு. "நீ இந்த நாட்டை விட்டு வெளியேற வேண்டும்" என்று ஒரு தாள் கையில் வரும்போது, அதைப் படித்துச் சொல்லவும், தேவையானால் நீதிமன்றத்தில் எதிர்த்து நிற்கவும் ஒரு வழக்கறிஞர் வேண்டுமே, அந்த உதவி.

நாற்பது ஆண்டுகளாகத் தங்கியிருப்பவர்களை இனி யார் வெளியேற்றப் போகின்றார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். பெரும்பாலோரை யாரும் வெளியேற்றவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது அரசின் தயவினால் நடப்பது, உரிமையால் நடப்பதில்லை. இந்தியா 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம்தான் சுற்றுலா வந்த ஐரோப்பியருக்கும் உயிர் பிழைக்க வந்த மன்னார் மீனவருக்கும் ஒரே அளவுகோலாக இருந்தது. அந்தச் சட்டத்தையும் வேறு மூன்று பழைய சட்டங்களையும் நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ விசாவோ இன்றி நுழைந்தால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை, ஐந்து இலட்சம் வரை அபராதம். போலி ஆவணம் வைத்திருந்தால் இரண்டு முதல் ஏழு ஆண்டுகள். தான் வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் சுமை, பழைய சட்டத்தைப் போலவே, குற்றம் சாட்டப்பட்டவரின் தலைமேல்தான்.

இந்தப் புதிய சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் தஞ்சம் புகுந்து முறையாகப் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது என்று மத்திய அரசு கூறியது. முகாம்களில் இது நிம்மதியைத் தந்திருக்கின்றது. சில இடங்களில் இதையே குடியுரிமை கிடைத்துவிட்டதாகவும் பேசிக்கொள்கின்றார்கள். அப்படி இல்லை. சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்பது ஒன்று, இங்கேயே இருக்கலாம் என்பது வேறு. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. இலங்கை அதில் இல்லை. பதிவு விட்டுப்போனவர், 2015-க்குப் பிறகு, குறிப்பாக 2022-இன் பொருளாதார நெருக்கடியில், தனுஷ்கோடி மணல் திட்டில் இறங்கியவர் ஆகியோருக்கு இந்த விலக்கும் கிடையாது.

வழக்கறிஞர் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும்? நம் மாநில வரலாற்றிலேயே பதில் இருக்கின்றது. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் தமிழகத்தில் நிலவிய கோபம் முகாம்களின் மீதும் விழுந்தது. 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. விருப்பப்பட்டே போகின்றார்கள் என்று அரசு சொன்னது. அவர்கள் கையெழுத்திட்ட படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, அதைப் படிக்கத் தெரியாதவர்களே பலர் என்ற புகார் எழுந்தது. பழ. நெடுமாறன் அவர்களும் மருத்துவர் இராமதாசு அவர்களும் சென்னை உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்தார்கள். ஒவ்வொருவரும் தம் விருப்பத்தோடுதான் போகின்றாரா என்பதை ஐ.நா. அகதிகள் ஆணையம் விசாரித்து அறியும் ஏற்பாட்டை நீதிமன்றம் முன்வைத்தது. அவ்வாண்டே அந்த ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. 1995 வரையில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பிப் போனார்கள். போகமாட்டேன் என்று சொல்ல விரும்பியவருக்கு, சொல்வதற்கு ஓர் இடமும் கேட்பதற்கு ஓர் ஆளும் கிடைத்தது அந்த வழக்கினால்தான்.

இன்னொரு நிகழ்வு கடல் கடந்து நடந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிலோயலா என்றொரு சிற்றூர். அங்கே வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றை, இரண்டு பெண் குழந்தைகளோடு, 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் பிடித்துச் சென்றார்கள். 2019 ஆகஸ்டு 29 இரவு மெல்போர்னில் இருந்து இலங்கைக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். விமானம் வானத்தில் இருக்கும்போதே வழக்கறிஞர்கள் நீதிபதியைத் தொலைபேசியில் அழைத்து, இளைய குழந்தையின் மனு இன்னும் பரிசீலிக்கப்படவில்லை என்று எடுத்துச் சொல்லி இடைக்காலத் தடை பெற்றார்கள். விமானம் டார்வின் நகரில் இறக்கப்பட்டது. பிறகும் கிறிஸ்மஸ் தீவில் காவல், நோய், நீண்ட வழக்குகள். 2022 ஜூனில் அக்குடும்பம் பிலோயலாவுக்குத் திரும்பியது; அவ்வாண்டிலேயே நிரந்தர விசாவும் கிடைத்தது. ஊர் மக்களின் போராட்டம் இதில் பெரும் பங்கு வகித்தது, மறுக்கவில்லை. ஆயினும் அந்த ஒரு நள்ளிரவில் ஊர் மக்களால் விமானத்தை இறக்கியிருக்க முடியாது.

பரமத்தி முகாமில் ஒருவருக்கு அப்படி ஓர் இரவு வந்தால் அவர் யாரை அழைப்பார்? முகாமுக்கு வரும் வருவாய் ஆய்வாளரையும் 'கியூ' பிரிவுக் காவலரையும்தான் அவருக்குத் தெரியும். இருவருமே அரசின் தரப்பில் நிற்பவர்கள். நல்லவர்களாகவே இருக்கட்டும், அவருக்காக வழக்காட அவர்களால் இயலாது.

தமிழக முகாம்களைச் சேர்ந்த இரண்டு தீர்ப்புகளைப் பற்றி நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும். இரண்டுமே மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கியவை. முதலாவது 2019 ஜூனில் வந்தது. மனுதாரர்கள் 65 பேரும் மலையகத் தமிழர்கள், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினர். இவர்களின் கதை நம் சமவெளியின் கதையும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்திற்கும் கடனுக்கும் தப்பி, கங்காணிகளின் பின்னால் சேலம், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கண்டி மலைக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 1948-இல் இலங்கை அரசு ஒரு சட்டத்தால் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா இசைந்தது. 1984-இல் இராமேசுவரம் – தலைமன்னார் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமைக்குக் காத்திருந்த பலர் படகில் வந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் 'தாயகம் திரும்பியோர்'. படகில் வந்ததால் 'அகதி'. தாத்தா நாமக்கல்லில் பிறந்திருந்தாலும் பேரன் நாமக்கல்லில் வெளிநாட்டவன் ஆகிவிடக்கூடிய விந்தை இது. அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைச் சட்டத்தின் நுணுக்கத்தைத் தளர்த்திப் பரிசீலிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும், விண்ணப்பங்களின் மீது பதினாறு வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

இரண்டாவது தீர்ப்பு 2022 ஆகஸ்டில் வந்தது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண்மணி 1986-இல் மண்டபத்தில் பிறந்தவர். கடவுச்சீட்டு கேட்டார், மறுக்கப்பட்டது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள் என்பதே சட்டம். அதை நீதிமன்றம் எடுத்துக்காட்டிக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். சட்டத்தின் அந்த வரி அவர் பிறந்த நாள் தொட்டே இருந்தது. 36 ஆண்டுகள் அவர் அகதியாகப் பதிவேட்டில் நின்றதற்குக் காரணம், அந்த வரியை அவருக்காக நீதிமன்றத்தில் வாசிக்க யாரும் வராததே.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம், தண்டனைக் காலத்தை முடித்த ஓர் இலங்கைத் தமிழர் தன்னை நாடு கடத்த வேண்டாம் என்று கேட்ட மனுவைத் தள்ளுபடி செய்தது. உலகத்தார் அனைவரையும் ஏற்க இந்தியா ஒரு சத்திரம் அன்று என்ற பொருளில் நீதிபதிகள் சொன்னது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. இங்கே குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்பது நீதிமன்றங்கள் முன்பே சொல்லி வருவதுதான். ஆனால் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு 'குடிமகன்' என்று எழுதவில்லை, 'ஆள்' என்றே எழுதியிருக்கின்றது. 1996-இல் அருணாசலப் பிரதேசத்தின் சக்மா மக்கள் வழக்கில், குடிமக்கள் அல்லாதவரின் உயிரையும் அரசு காக்கக் கடமைப்பட்டது என்று இதே உச்சநீதிமன்றம் கூறியது. ரோஹிங்கியா மக்கள் வழக்கில் 2021-இல் தடை தர மறுத்தபோதும், உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் நாடு கடத்தக் கூடாது என்று சொன்னது. அந்த 'உரிய நடைமுறை' என்ற இரண்டு சொற்கள்தான் ஏழையின் கையில் மிஞ்சியிருப்பது. அது பின்பற்றப்பட்டதா என்று கேட்க ஆள் இல்லையென்றால் அச்சொற்களுக்குப் பொருளும் இல்லை.

வழக்கறிஞர் வைத்துக் கொடுத்தால் தகுதியில்லாதவர்களும் தங்கிவிடுவார்களே என்று நல்ல மனிதர்கள் சிலர் கேட்கின்றார்கள். நியாயமான கேள்விதான். தகுதியில்லாதவர் யார் என்பதை யார் முடிவு செய்வது? இரு தரப்பையும் கேட்ட நீதிபதியா, ஒரு தரப்புக் கோப்பை மட்டும் பார்த்த அலுவலரா? இது அகதிகளோடு நிற்கும் பிரச்சினையும் இல்லை. 2025 ஜூனில் டில்லியில் குப்பை பொறுக்கிப் பிழைத்த மேற்கு வங்கத் தொழிலாளர் குடும்பம் ஒன்றை வங்காளதேசத்தவர் என்று பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். அதில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவருடைய சிறுவனும் இருந்தார்கள். பீர்பூம் மாவட்டத்திலிருந்த தந்தை கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். செப்டம்பரில் அந்த நாடுகடத்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றபின் டிசம்பரில் தாயும் மகனும் திரும்பி வந்தார்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளிலும், நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும், சேலத்துச் சேகோ ஆலைகளிலும் இன்று வங்காளமும் இந்தியும் பேசுவோர் எத்தனை பேர் வேலை செய்கின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆதார் அட்டையைக் காட்டினாலும் நம்பாத ஒரு நாள் அவர்களுக்கு வரலாம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். குடிவரவு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சொந்தச் செலவில். 2007 முதல் 2012 வரையிலான வழக்குகளை ஆராய்ந்தபோது நூற்றுக்கு 37 பேருக்கே வழக்கறிஞர் இருந்தார்; காவலில் இருந்தவர்களில் 14 பேருக்கு மட்டுமே. நியூயார்க் நகரம் 2013-இல் காவலில் உள்ளோருக்குப் பொதுப் பணத்தில் வழக்கறிஞர் தரத் தொடங்கியது.

நம் நாட்டில் இதற்குப் புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை என்பதே என்னை மிகவும் சிந்திக்க வைப்பது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவை எடுத்து வாசித்துப் பாருங்கள். இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்களை அது வரிசைப்படுத்துகின்றது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளோர், குறைந்த வருமானமுள்ளோர் என்று போகும் அந்த வரிசையில், இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர் என்றும் ஒரு சொல் வருகின்றது. குடிமகனாக இருக்க வேண்டும் என்று அப்பிரிவு எங்கும் கேட்கவில்லை. இன வன்முறை இந்தியாவுக்குள் நடந்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. 1983-இல் கொழும்பில் வீடெரிந்து ஓடி வந்தவரைவிட அந்தச் சொல்லுக்குப் பொருத்தமானவர் யார்? அதை ஏற்க மறுத்தால்கூட, பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பே கிடையாது. ஆகவே மனைவியோ மகளோ மனுதாரர் ஆகலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கின்றது. வட்ட அளவிலும் குழுக்கள் உண்டு. தொலைபேசி எண் 15100. கட்டணம் இல்லை.

பின் ஏன் முகாம்களிலிருந்து யாரும் போவதில்லை? முதற்காரணம் அச்சம். அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டால் பதிவை நீக்கிவிடுவார்கள், பணக்கொடையை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம். அடுத்து தூரம். நாடு கடத்தலுக்கு எதிரான ரிட் மனுவை உயர்நீதிமன்றத்திலோ உச்சநீதிமன்றத்திலோதான் போட முடியும். காவிரிக்கு அக்கரையில் கரூர்காரர் மதுரைக் கிளைக்குப் போகலாம். இக்கரையில் நாமக்கல்காரர் சென்னைக்குத்தான் போக வேண்டும். முகாம்வாசிக்குச் சென்னை போய் இரண்டு நாள் தங்குவதென்றால் அனுமதி, கூலி இழப்பு, பயணச் செலவு என்று பல தொல்லைகள். மூன்றாவது, அவர்களின் சட்டம் தெரிந்த வழக்கறிஞர்கள் நம் மாவட்டங்களில் மிகச் சிலரே. 1984-இல் எஸ்.சி. சந்திரகாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் இயேசு சபையினரின் அகதிகள் பணியும் முகாம்களில் பல்லாண்டுகள் உழைத்திருக்கின்றன. பிறப்புப் பதிவுகளுக்கு அவர்கள் செய்த உதவி பெரிது. ஆனால் இரண்டு அமைப்புகள் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்கு எப்படிப் போதும்?

திரும்பிப் போக விரும்புவோருக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்பதை 2025 மே மாதம் காட்டியது. ஐ.நா. ஆணையத்தின் உதவியோடு முறையாகத் தாயகம் திரும்பிய முதியவர் ஒருவரை, பல பத்தாண்டுகளுக்கு முன் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறினார் என்ற குற்றத்திற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். உயிருக்குப் பயந்து ஓடியவர் அந்நாளில் யாரிடம் அனுமதி கேட்டிருக்க முடியும்?

திருத்தூதர் பணிகள் நூலை வாசிப்போர் புனித பவுல் எருசலேமில் பிடிபட்ட நிகழ்ச்சியை அறிவார்கள். சாட்டையால் அடிக்க வாரினால் கட்டும்போது, தாம் உரோமைக் குடிமகன் என்கின்றார். உடனே அடிக்க வந்தவர்கள் பின்வாங்குகின்றார்கள். ஆயிரவர் தலைவரே அஞ்சுகின்றார். பின்னர் சீசரிடம் மேல்முறையீடு செய்யவும் அந்தக் குடியுரிமையே அவருக்கு உதவுகின்றது. அதே நகரில் பல ஆண்டுகளுக்கு முன் அந்த உரிமை இல்லாத கலிலேயர் ஒருவருக்கு இரவோடு இரவாக விசாரணை முடிந்து காலையில் தீர்ப்பும் ஆயிற்று. இணைச்சட்ட நூல் அந்நியருக்குக் கதிரும் திராட்சையும் விட்டுவைக்கச் சொல்வதோடு நிற்கவில்லை. வழக்கில் அவருக்குரிய நீதியைப் புரட்டக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கின்றது. கிறிஸ்து பிறப்பு விழாவில் முகாமுக்குச் சேலையும் கேக்கும் கொண்டு போகும் பங்குகள் நம் பகுதியில் உண்டு. அதே வண்டியில் ஆண்டுக்கு இருமுறை ஒரு வழக்கறிஞரையும் அழைத்துப் போகலாம். நம் அன்பியங்களில் சட்டம் படித்த இளையோர் இருக்கின்றார்கள். ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்களாகப் பதிவு செய்துகொள்ள வழியும் இருக்கின்றது. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைதான் அதிகம்: ஒவ்வொரு குடும்பத்தின் பெட்டியிலும் உள்ள தாள்களைப் பார்த்து, யார் எந்த நாளில் எங்கே பிறந்தார், எந்தப் பெயரில் பதிவானார், தாத்தாவின் தோட்டத்து அட்டையோ 1964 ஒப்பந்தத்து விண்ணப்ப நகலோ இருக்கின்றதா என்று எழுதி வைப்பது.

பங்குத்தந்தையர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1983-க்கும் 1987 ஜூலைக்கும் இடையில் தமிழகக் கோயில்களில் திருமுழுக்குப் பெற்ற இலங்கைக் குழந்தைகளின் பெயர்கள் நம் பதிவேடுகளில் இருக்கின்றன. பிறந்த நாள், பிறந்த இடம், பெற்றோர், ஞானப் பெற்றோர் எல்லாம் அதில் உண்டு. அரசுப் பிறப்புச் சான்று இல்லாத ஒருவருக்கு, தாமதப் பதிவு கேட்கும்போதோ நீதிமன்றத்திலோ அது துணைச் சான்றாகலாம். அந்த ஆண்டுகளின் பக்கங்கள் பல இடங்களில் மை மங்கியும் ஓரம் கிழிந்தும் கிடக்கின்றன. கிடைத்தவற்றை ஒளிநகல் எடுத்து வையுங்கள். சான்று கேட்டு வருபவர் இப்போது வேறு மாவட்டத்து முகாமில் இருக்கலாம், ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் அவருக்குச் சரியாக நினைவில்லாமல் இருக்கலாம். அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிடாமல், அன்றே தேடிக் கொடுங்கள். முகாம் பதிவு நாளுக்கு முன் அவர் திரும்பிப் போயாக வேண்டும்.